உமாதேவி பேசி முடிக்கட்டும்

மதன்குமாருக்கு வாய் கொஞ்சம் நீளம். அனுமந்தன்பட்டிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், மீதியை அவன் சொல்லி முடித்துவிடுவான்.

அவனை மட்டும் குறை சொல்வானேன்? வகுப்பே அப்படித்தான். தமிழாசிரியர் அழகுமலை சார், "வைகை பிறக்கிற இடம் வருச..." என்று இழுப்பார். "...நாடு" என்று எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து முடிப்பார்கள்.

இந்தப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டு விழித்தவள் உமாதேவி. ஆறு வயதில் அவள் மூளையில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்து குணமாக்கினார்கள். கட்டி போய்விட்டது. ஆனால் அதுவும் அதற்குச் செய்த வைத்தியமும் சில தொல்லைகளை விட்டுவிட்டுப் போயின. பதினொரு வயதாகியும் அவள் எட்டு வயதுப் பிள்ளை உயரம்தான். சீக்கிரம் களைத்துப்போவாள். மனதில் இருக்கும் சொல் வாய்க்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

வைகை அணைக்குச் சுற்றுலா போய்வந்ததும், பிடித்ததைப் பற்றி எல்லோரும் பேசவேண்டும் என்றார் சார். உமாதேவி எழுந்தாள்.

"அணையில எனக்கு ரொம்பப் பிடிச்சது..." என்று தொடங்கி நின்றாள்.

"பூங்கா" என்று வகுப்பே முடித்து வைத்தது.

"நல்லது, பூங்கா. உட்காரும்மா" என்றார் சார், உதவி செய்துவிட்ட திருப்தியோடு.

மணி அடித்ததும், "நாந்தான் முதல்ல எடுத்துக் கொடுத்தேன்" என்று பீற்றிக்கொண்டான் மதன்குமார்.

"பூங்கா இல்லடா." உமாதேவியின் கண்கள் கலங்கியிருந்தன. "வார்த்தை வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க புடுங்கிட்டீக. இனிமே நான் பேசவே எந்திரிக்க மாட்டேன்."

மதன்குமாருக்குச் சுருக்கென்றது. "நாளைக்கு ஒரே ஒரு தடவ பேசு. ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாக" என்றான்.

வாக்குக் கொடுத்துவிட்டான். ஆனால் அவன் வாயையே அவனால் அடக்க முடியாதே.

மறுநாள் தங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையைப் பை நிறையக் கொண்டுவந்தான். "ஆளுக்கு ஒண்ணு வாயில போட்டுக்கங்க. உமா முடிக்கிற வரைக்கும் கடிக்கக் கூடாது" என்றான். சாரிடமும் ஒன்றை நீட்டினான். "நீங்களும் சார். நீங்கதான் ஜாஸ்தி எடுத்துக் கொடுக்குறீக."

சார் சிரித்துக்கொண்டே வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கினார்.

உமாதேவி எழுந்தாள். "அணையில எனக்கு ரொம்பப் பிடிச்சது..."

சொல் வரவில்லை. மதன்குமாரின் நாக்கு துடித்தது. வெளியே ஒரு டிராக்டர் வந்து, கடந்து, அதன் சத்தமும் ஓய்ந்தது. அவள் அவசரப்படவில்லை. உட்காரவும் இல்லை. தேடிக்கொண்டே நின்றாள். இத்தனை பேர் முன்னால் தன்னால் இப்படி நிற்க முடியுமா என்று மதன்குமார் மலைத்துப்போனான்.

"...மதகு" என்றாள். "மதகுல தண்ணி விழுற சத்தம். வைத்தியம் பார்த்ததுல இருந்து என் இடது காது... மந்தம். ஆனா அங்கன நின்னப்ப, ரெண்டு காதுலயும் கேட்டுச்சு."

அந்த மதகுக்குப் பக்கத்தில் நின்று முறுக்குத் தின்றவன்தான் மதன்குமார். அவனுக்கு இது தோன்றவே இல்லை. எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்று நெஞ்சு நிறைந்தது.

சார் பழத்தை விழுங்கினார். "முடிஞ்சுச்சாம்மா?"

"இல்ல சார். இன்னும் இருக்கு."

அழகுமலை சார் மதன்குமாரின் திராட்சைப் பைக்குள் கையை விட்டு, இன்னொரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.