பதிலுக்கு விட்ட இடம்

பழனிசெட்டிபட்டியில் அந்தத் தியேட்டரில் படம் ஓடுவது நின்று பத்து வருஷம் ஆகிறது. இப்போது அது கல்யாண மண்டபம். பெயரை மாற்றினார்களே தவிர, ஜன்னல் ஒன்றுகூடப் புதிதாக வைக்கவில்லை. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும், உள்ளே காலெடுத்து வைத்தால் இருட்டுதான். பழைய திரைத் துணியும், வௌவால் எச்சமும், மத்தியானம் பந்தியில் போட்ட பிரியாணியும் கலந்த ஒரு வாசனை அந்த இருட்டில் இருந்தது.

பாண்டீஸ்வரி ஆட்டோவை விட்டு இறங்கி, கொசுவத்தை உதறிவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே போனாள். மார்க்கையன்கோட்டைக்காரி. வயது முப்பத்தாறு. தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் பதினோரு வருஷமாக மேடை மேடையாகப் பாட்டும் நக்கலுமாக ஜனங்களைச் சிரிக்க வைக்கிறவள். ஆனால் அவளைத் தனியாக யாருக்கும் தெரியாது. 'மகிழன் - பாண்டீஸ்வரி' என்று சொன்னால்தான், "அட, அந்த ஜோடியா?" என்பார்கள்.

மேடையில்தான் மகிழன் புருஷன், இவள் பொண்டாட்டி. கீழே இறங்கினால் அவன் குடும்பம் வேறு, இவள் வீடு வேறு. இவள் பாட்டாகக் கேள்வி கேட்பாள், அவன் ஒற்றை வரியில் பதில் சொல்வான், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். கேள்வியும் இவள் எழுதியது, பதிலும் இவள் எழுதியது. அவனுக்குச் சொந்தமாக ஒரு வரி எழுத வராது. சொல்லத் தெரியும். அதைப் பாண்டீஸ்வரியே எத்தனையோ பேரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

போன வருஷம் சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். பாண்டீஸ்வரி புது ரவிக்கை தைத்து, பெட்டி கட்டி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மகிழன் முந்தின நாளே சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெண் டிவியில் இவள் பாட்டைப் பாடினாள். "யாருப்பா எழுதினது?" என்று நடுவர் கேட்க, அவன் கையைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் நான்தான் சார்" என்றான். கட்டின புருஷன் விட்டுப் போனபோதுகூட பாண்டீஸ்வரிக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை.

ஆறு வாரம் டிவியில் வந்தான். ஏழாவது வாரம் ஊருக்கு வருகிற வழியில், தேவதானப்பட்டிக்கு இந்தப் பக்கம், கார் லாரியில் மோதிச் செத்தான். எழவுக்கு இவள் போகவில்லை. ஊர் அதையும் பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

அது நடந்து மூன்று மாதம். இன்றைக்கு இந்த மண்டபத்தில் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழா. கீபோர்டு வேலுச்சாமி அண்ணன்தான் ஏற்பாடு. ஜோஷ்வா என்று ஒரு பையன் சென்னையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான், புதுக் காமெடி நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிறவன் என்று அவர் ஏற்கனவே சொல்லியிருந்தார். இதை விட்டால் இனிமேல் யாரும் மார்க்கையன்கோட்டைக்குத் தேடி வரப்போவதில்லை என்று பாண்டீஸ்வரிக்குத் தெரியும். தன் பெயரில், தன் ஒருத்தி பெயரில் மட்டும் நாலு பேர் சிரிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேறு ஜோடி சேர்த்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை. அதற்காகவே புதிதாக ஒரு பாட்டு கட்டியிருந்தாள். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, புருஷனிடம் பேசுகிற மாதிரி பாடுவாள். மூன்று எண்ணுகிற நேரம் சும்மா இருப்பாள். பிறகு அந்தப் பக்கம் அவன் சொன்னதை இவளே திருப்பிச் சொல்வாள். அங்கேதான் சிரிப்பு. ஒரு மாசமாகக் கண்ணாடி முன்னால் நின்று எண்ணிப் பழகியிருந்தாள்.

விளக்கு மேடைக்கு மட்டும் எரிந்தது. வேலுச்சாமி ஸ்ருதி கொடுத்தார்.

"ஆறு மணிக்கு வாரேன்னீக, அடுப்ப மூட்டி வச்சேனே
ஏழு மணிக்கு வாரேன்னீக, எலையப் போட்டு வச்சேனே
எட்டு மணி ஆகிப்போச்சே, எங்கதான்யா இருக்கீக?"

போனைக் காதில் அழுத்தினாள். ஒன்று. இரண்டு.

மண்டபம் சிரித்தது.

சின்னச் சிரிப்பு இல்லை. முன்வரிசையிலிருந்து கடைசி வரை ஒரே நேரத்தில் வெடித்த சிரிப்பு. பாண்டீஸ்வரிக்குப் பகீரென்றது. சேலை எங்கேயாவது விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "என்னாது, பக்கத்துல வந்துட்டீகளா?" என்று தன் வரியைச் சொன்னாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சிரித்து முடித்த முகத்தோடு அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.

அடுத்த சரணத்திலும் அப்படியே. இவள் வாயை மூடிய இடத்தில்தான் சிரித்தார்கள்.

அப்போதுதான் அவர்கள் கண்களைக் கவனித்தாள்.

ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை.

எல்லார் பார்வையும் அவளுக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில் இருந்தது. அது மகிழன் நிற்கிற இடம்.

மெதுவாகத் திரும்பினாள். பலகையும் மைக் வயரும்தான் கிடந்தன. ஆனால் பன்னீர்ப் புகையிலை வாசனை வந்தது. மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு சிட்டிகையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வருவான். எத்தனை நாள் அதற்காக அவனைத் திட்டியிருப்பாள். இப்போது அந்த வாசனை சூடாக, ஆள் மூச்சோடு சேர்ந்து அவள் கன்னத்தில் பட்டது.

பின்னால் நகர்ந்து கீபோர்டுப் பக்கம் போனாள். வேலுச்சாமி குலுங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. மகிழன் பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் அவர்.

"என்னண்ணே சிரிக்கிறாக?" என்று மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ஒனக்குக் கேக்கலையா?"

"எதுண்ணே?"

"போகச் சொல்லுத்தா அவன. எனக்கு வயிறு இழுத்துப் பிடிக்குது, நிறுத்த முடியல."

அவளுக்குப் பயம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. உயிரோடு இருந்தபோது பிடுங்கியது போதாதா? எரிந்து சாம்பலாகியும் என் மேடையிலா வந்து நிற்கிறாய்? நான் இடம் விட்டால்தானே நீ பேசுவாய் என்று நினைத்தாள். மூன்றாவது சரணத்தை மூச்சு விடாமல் பாடினாள். நாலாவதையும் அதன் வாலோடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு எண்ணிக்கைகூட இடைவெளி இல்லை. கேள்வியும் பதிலுமாக இவள் குரல் ஒன்றே மண்டபத்தை நிறைத்தது.

யாரும் சிரிக்கவில்லை.

எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு கைப்பிள்ளை அழுதது. யாரோ தண்ணீர் பாட்டில் கேட்டார்கள். ஜோஷ்வா போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு அமைதியை அவள் பார்த்ததில்லை. பேய்க்குக்கூட இவ்வளவு நடுங்கவில்லை. ஜோஷ்வா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

பாண்டீஸ்வரி ஐந்தாவது சரணத்தைப் பாடினாள். கடைசிச் சொல்லில் நிறுத்தினாள். போனைக் காதில் வைத்தாள்.

அவளே இடம் விட்டாள்.

மூன்று இல்லை, பத்து எண்ணினாள். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஜோஷ்வா திரும்பி வந்து உட்கார்ந்தான். அவள் கேட்டாள், விட்டாள், கேட்டாள், விட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் புகையிலை மூச்சு இன்னும் ஒரு விரற்கடை நெருங்கி வந்தது. தான் மட்டும் கேட்க முடியாத ஒன்றுக்கு ஊரே சிரிப்பதை அரைமணி நேரம் நின்று பார்த்தாள்.

இறங்கியதும் வேலுச்சாமியைப் பிடித்து உலுக்கி, அவன் என்னதான் சொன்னான் என்று கேட்டாள். வேண்டாம், கேட்காதே என்று மழுப்பினார். விடவில்லை.

"ஒன்னயத்தான் சொன்னான்த்தா. நான் செத்த அன்னைக்கி இவ அரைக்கிலோ கறி எடுத்து, கதவச் சாத்திக்கிட்டு ஒத்தையில உக்காந்து தின்னாங்கிறான். பொய்தான?"

பாண்டீஸ்வரி அவரைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். அன்றைக்கு ஊர் வாய்க்குப் பயந்து ஆத்தா மட்டும் அவன் எழவுக்குப் போயிருந்தாள். வீட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. கறி எடுத்தது உண்மை, தின்றது உண்மை. தின்று முடித்துவிட்டு விடிய விடிய அழுததும் உண்மை. அதையும் சொன்னானா என்று கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் ஜோஷ்வா ஓடி வந்தான். முகமெல்லாம் பல். இரண்டு பேரையும் எடுத்தாயிற்று, அடுத்த வாரமே சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்றான்.

"தம்பி, நான் ஒத்த ஆளு. ஒங்களுக்குத் தெரியிற அந்தாளு செத்து மூணு மாசமாச்சு."

ஜோஷ்வா அவளைப் பார்த்தான். அவள் இடது தோளுக்கு மேலே பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, கீழ இறங்கியும் விட மாட்டேங்கிறீங்களே!" என்றவன், மறுபடியும் அவள் தோளுக்கு மேலே பார்த்தான். "அண்ணே, இதையும் அப்படியே ஷோல வச்சுக்கலாம்."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனிமேல் அவள் எதைச் சொன்னாலும் அது கேள்விதான். முடிக்கிற வரி அவனுடையது. அழுது சொன்னாலும் சிரிப்பார்கள், சாமி சத்தியமாகச் சொன்னாலும் சிரிப்பார்கள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடியபடியே பஸ் ஏறி, ஒரு வார்த்தை பேசாமல் ஊர் வந்து சேர்ந்தாள். வழியில் விசாரித்தவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டில் ஆத்தா சங்கிலியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகிழன் பெயரைக் கேட்டாலே காறித் துப்புகிறவள் அவள். மகளைக் கண்டதும் கீரையைப் போட்டுவிட்டு எழுந்து, போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். பாண்டீஸ்வரி வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டாள். மூன்றாம் தடவை மகளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வாயத் தொறந்து சொல்லுடி. எனக்குப் பெத்த வயிறு பதறுதுல்ல."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் மூடியிருப்பது?

"எடுத்துக்கிட்டாக ஆத்தா," என்றாள் பாண்டீஸ்வரி. "என்னைய மட்டுந்தான்."

மூச்சு வாங்க நிறுத்தினாள்.

சங்கிலியம்மாளின் கண் மெல்ல இடது பக்கம் போனது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, ஆத்தா சிரிக்க ஆரம்பித்தாள்.