நிலக்கோட்டை மூக்கு

“மேடம்... பிணம் மணக்குதுங்க.”

இன்ஸ்பெக்டர் மரியசெல்வி செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். பேசியது ஏட்டு நாச்சிமுத்துதான். தொப்பம்பட்டிக்காரர். இருபத்தாறு வருட சர்வீஸ். காலை பத்தரை மணிக்கு உளறுகிற ஆள் இல்லை.

“நாறுதுன்னு சொல்லுங்க ஏட்டையா.”

“இல்லீங்க மேடம். மணக்குதுங்க. கல்யாண மண்டபத்துல பொண்ணு ரூம் இருக்குமில்லீங்க... அப்படி. மல்லி வாசம் தூக்குதுங்க.”

பத்தாவது நிமிடம் ஜீப் திருச்சி ரோட்டில் நின்றது.

கடையின் பெயர்ப் பலகையில் ஏதோ பிரெஞ்சு. திண்டுக்கல்லில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் ஆட்டோக்காரர்கள் ‘சென்ட் கடை’ என்றார்கள். உள்ளே கண்ணாடி அலமாரிகள். ஒரு பாட்டில் விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். மாடு பாலாவது கொடுக்கும்.

நடுவில் மல்லாந்து கிடந்தான் முதலாளி ரோஹித். வயது முப்பத்து மூன்று. பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் சலவைக்கல் ஸ்டாண்ட், அதன் ஓரத்தில் ரத்தம். கவுன்டரில் ஒரு வீடியோ கேமரா, உள்ளே மெமரி கார்டு இல்லை. சுற்றிலும் ஒரு சின்ன பாட்டிலின் சில்லுகள். ஒரு சில்லில் லேபிள் எதுவும் இல்லை, பேனாவால் எழுதிய ‘7’ மட்டும்.

மரியசெல்வி மூச்சை இழுத்தாள்.

ஸ்பிரிட் நெடி. அவ்வளவுதான்.

மூலையில் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா நனைந்திருந்தது. சுடிதாரில் ரத்தம்.

“பேரு?”

“டெய்சி. இங்கதான் சேல்ஸ்ல இருக்கேன். பத்து மணிக்கு வந்தேன் மேடம். சார் கிடந்தாரு. தூக்கி மடியில வச்சேன்... மூச்சு இல்ல.”

“உடைஞ்ச பாட்டில்?”

“அது விக்கிறது இல்ல மேடம். சார் ஒரு வருஷமா வெளியூர் லேப்ல வச்சு ரகசியமாச் செஞ்ச சென்ட். என்ன வாசம்னு எங்கிட்டகூடச் சொல்லல. இன்னிக்குக் காலைல கூரியர்ல வருதுன்னாரு. உலகத்துலயே அந்த ஒரு பாட்டில்தானாம்.”

கூரியர்க்காரரை விசாரித்தார்கள். ஒன்பது ஐந்துக்கு ரோஹித் கையில் கொடுத்ததாகச் சொன்னார். அப்போது கடையில் வேறு யாரும் இல்லை.

“நேத்து சாருக்கும் உனக்கும் சண்டையாமே?”

டெய்சி தலை குனிந்தாள். “கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டேன். நாலு நாள்தான்னாரு. கத்திட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். மேடம், நாளைக்கு மாதா கோயில் பூசையில எங்க கல்யாண அறிவிப்பு, மூணாவது ஓலை வாசிக்கிறாங்க. மாப்பிள்ளை ஆண்டனிராஜ் வாத்தியார். அவங்கம்மா இப்பவே ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. நான் ஜெயிலுக்குப் போனா நாளைக்குச் சாமியார் என் பேரை வாசிக்க மாட்டாரு மேடம். அதுக்கப்புறம் யாருமே வாசிக்க மாட்டாங்க.”

அந்த நேரம் பார்த்து டி.எஸ்.பி. போனில் வந்தார்.

“ரத்தம் அவ சுடிதார்ல, சென்ட் அவ துப்பட்டால, நேத்து சண்டை. இன்னும் என்னம்மா வேணும்? மூணு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்திடு.”

“சார்...”

“மூணு மணி.”

போன் செத்தது. மணி பதினொன்று.

டெய்சியை ஸ்டேஷனில் பின்கட்டு அறையில் பெண் போலீசோடு உட்கார வைத்தார்கள். துப்பட்டாவை பிளாஸ்டிக் பையில் போட்டு சீல் வைத்தாயிற்று. மரியசெல்வி தன் அறையில் ஃபேனுக்குக் கீழே யோசித்துக்கொண்டிருந்தாள். கொலை செய்தவள் செத்தவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

கதவு தட்டப்படாமலே திறந்தது.

“வணக்கம் மேடம். என்னைத் தெரிஞ்சிருக்கும்.”

தெரியவில்லை. கறுப்புச் சட்டை போட்டிருந்தான். பெட்டியிலிருந்து இப்போதுதான் பிரித்த மாதிரி நெஞ்சில் மடிப்புக் கோடுகள். கையில் தோல் பட்டை போட்ட வாட்ச்.

“அழகுராஜா. யூடியூப்ல ‘மூக்கு’ சேனல். ரெண்டு லட்சத்து பத்தாயிரம் பேர் பாக்குறாங்க. ரோஹித் என் பழைய ஃப்ரெண்டு. சென்ட் சம்பந்தப்பட்ட கேஸுன்னு கேள்விப்பட்டேன். தமிழ்நாட்டுல இந்த மூக்கை விட்டா வேற மூக்கு கிடையாது மேடம். உதவலாம்னு வந்தேன்.”

“உக்காருங்க.”

உட்கார்ந்தான். அவளை மேலும் கீழும் பார்த்து மெல்ல மோந்தான்.

“நீங்க என்ன போடுறீங்க?”

“துணி சோப்பு.”

அழகுராஜா சிரித்தான். ஐயோ பாவம் என்கிற சிரிப்பு. அவளுக்கு அப்போதே அவனைப் பிடிக்காமல் போயிற்று.

“பரவால்ல மேடம். சில பேர் டிசைனர் போட்டுக்கிட்டு வருவாங்க பாருங்க, அதுக்கு இது தேவலை. டிசைனர்னா பெரிய துணிக் கம்பெனிக்காரன் ஊருக்கே பிடிக்கிற மாதிரி செய்யுறது. அடிச்சதும் எலுமிச்சை, கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் சர்க்கரை. கல்யாண வீட்டுல பத்துப் பேர் ஒரே மாதிரி மணப்பாங்க. திண்டுக்கல் வெயிலுக்கு மதியச் சோத்துக்கு முன்னாடி காணாமப் போயிரும்.”

“நீங்க போட்டிருக்கிறது?”

“இது நீஷ். ஊருக்குப் பத்துப் பேருக்கு மட்டும் செய்யுறது. பாட்டில்ல மோந்து பாத்தா ஒண்ணும் புரியாது. தோல்ல உக்காரணும். முதல் பத்து நிமிஷம் மிளகு, தார், பதனிட்ட தோல். கசக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு, உடம்புச் சூடு ஏறினதும், கொஞ்சமா ரோஜா தலை காட்டும். சாயங்காலம் அகில் கட்டை.”

“பதனிட்ட தோலா? தோல் பதனிடுற ஷாப் பக்கம் நடந்து போனா அது சும்மாவே கிடைக்குமே.”

அவன் காதில் விழாத மாதிரி இருந்தான். “குளிச்சாலும் போகாது மேடம். நல்ல சென்ட் தோலை விடாது. மறுநாளும் மணிக்கட்டுல உக்காந்திருக்கும்.”

“சோப்புப் போட்டுத் தேய்ச்சாலுமா?”

“தேய்ச்சாலும்தான்.”

“அம்புட்டுக் கெட்டியா? சரி, ரோஹித்தைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“ஆறு மாசமாச்சு. ஒரு சின்ன மனஸ்தாபம். அவன் என்ன செய்யுறான், என்ன விக்கிறான்... எதுவும் தெரியாது. இன்னிக்குக் காலைல வீட்ல வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். கடைப் பக்கமே வரல.”

“அவர் புதுசா ஒரு சென்ட் செஞ்சாராமே?”

“அப்படியா? தெரியாதே.”

ஏட்டு நாச்சிமுத்து டீயோடு உள்ளே வந்தார். டம்ளரை மேஜையில் வைத்தவர் நின்றார். அழகுராஜாவைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வரை போனார். திரும்பி வந்தார். மரியசெல்வியின் காதருகே குனிந்தார்.

“மேடம்... துப்பட்டா அங்க சீல் வச்சுக் கிடக்குதுங்க. இங்க எங்கிருந்துங்க மல்லி வாசம் வருது? இவரு வாசல்ல என்னைத் தாண்டி உள்ள வந்தப்ப வெறும் புகை நெடிதாங்க. இப்ப வேர்க்க வேர்க்கத் தூக்குதுங்க.”

மரியசெல்விக்கு எந்த வாசமும் தெரியவில்லை. எதிரே இருந்தவன் முகத்திலும் எந்தச் சலனமும் இல்லை.

“ஊரு எதுங்க அழகுராஜா?”

“பொறந்தது நிலக்கோட்டை. அப்பா பூ மண்டி வச்சிருந்தாரு. நான் பூ மூட்டை மேலயே தூங்கி வளந்தவன். ஆனா எட்டு வருஷமா மல்லியைத் தொடல மேடம். அதெல்லாம் ஒரு வாசனையா? பஸ் ஸ்டாண்டு வாசனை.”

மரியசெல்வி அவனையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எழுந்து ஏட்டை வாசலுக்கு அழைத்துப் போய் ஏதோ சொன்னாள். ஏட்டு முதலில் விழித்தார். அப்புறம் தலையாட்டிவிட்டுப் போனார்.

“ஒரு உதவி பண்ணணும்,” என்றாள் திரும்பி வந்து. “அந்தப் பொண்ணு டெய்சி துப்பட்டாவுல சென்ட் கொட்டியிருக்கு. என்ன சென்டுன்னு எங்களுக்குத் தெரியல. உங்க மூக்குதான் சொல்லணும்.”

அவன் கண்கள் ஒரு கணம் மேஜையைப் பார்த்தன. “தாராளமா.”

ஏட்டு பெரிய காக்கி உறை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே மடித்த துணி இருந்தது.

“வெளிய எடுக்கக் கூடாது. மோந்து மட்டும் பாருங்க.”

அழகுராஜா கண்களை மூடினான். உறைக்குள் மூக்கை நுழைத்து மூன்று தடவை மெதுவாக இழுத்தான். விரல்களைக் காற்றில் ஆட்டினான். இரண்டு லட்சம் பேர் பார்க்கிற வித்தை இதுதான் போலும்.

“ம்... மேலாப்புல பச்சை இலை. நடுவுல மல்லி. சாதா மல்லி இல்ல மேடம், நிலக்கோட்டை மல்லி. அடியில சந்தனம். சந்தேகமே இல்ல, ரோஹித் கைவண்ணம்தான். அந்தப் பொண்ணு கையிலதான் பாட்டில் உடைஞ்சிருக்கு.”

“வேற?”

“வேர்வை இருக்கு. பயந்துபோன பொம்பளையோட வேர்வை. கொலை பண்ணினவ வேற எப்படி வேர்ப்பா?”

“இதை எழுதிக் கொடுக்க முடியுமா?”

எழுதினான். நீளமாகக் கையெழுத்துப் போட்டு, கீழே சேனல் பெயரையும் சேர்த்தான்.

மரியசெல்வி காகிதத்தை மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினாள். உறையைக் கவிழ்த்தாள்.

ஒரு கட்டம் போட்ட துண்டு மேஜையில் விழுந்தது. ஓரம் கிழிந்திருந்தது.

“இது துப்பட்டா இல்ல. ஏட்டையாவோட துண்டு. ஸ்டேஷன் கொடியில நேத்திலிருந்து கிடந்தது. இதுல சென்டும் இல்ல, மல்லியும் இல்ல.”

அழகுராஜா நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

“பாட்டில் வந்தது இன்னிக்கு ஒன்பது ஐந்துக்கு. அது என்ன வாசம்னு ரோஹித் அந்தப் பொண்ணுகிட்டகூடச் சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரியும், ஆறு மாசமாக் கடைப் பக்கமே போகாதவருக்கு?”

“அது... ஒரு யூகம்...”

“உங்க மேலயே மல்லி வாசம் வீசுது அழகுராஜா.”

அவன் சட்டென்று மணிக்கட்டை மூக்கில் வைத்தான். இழுத்தான். மறுபடி இழுத்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

“என் மேலயா? மூணு தடவை சோப்புப் போட்டு...”

நிறுத்தினான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

“நல்ல சென்ட் தோலை விடாதுன்னு இப்பத்தான் நீங்களே பாடம் எடுத்தீங்க. வாட்ச் பட்டையும் தோல்தான். அது அப்படியே குடிச்சிருக்கும். கழட்டுங்க, லேபுக்குப் போகணும்.”

வாட்சைக் கழற்றினான். அவன் பாக்கெட்டிலிருந்து ஏட்டு எடுத்தது ஒரு மெமரி கார்டு. கடையில் ரோஹித்தின் கேமராவிலிருந்து காணாமல் போனது. லேப்டாப்பில் போட்டதும் ரோஹித்தின் குரல் சிரித்தது.

‘என்ன வாசம்னு சொல்லு பார்ப்போம் மூக்கு... என்னது, வெறும் ஸ்பிரிட்டா? பூ மண்டிக்காரன் மகனுக்கு மல்லி தெரியலையா? நண்பர்களே, பாத்துக்கங்க...’

அதற்கு மேல் ஒரு பாட்டில் உடையும் சத்தம். அப்புறம் கனமாக ஏதோ விழும் சத்தம்.

“சிரிச்சான் மேடம்,” என்றான் அழகுராஜா. “பொறந்ததுலருந்து மல்லிக்குள்ளயே கிடந்த மூக்கு. மத்த எல்லா வாசமும் தெரியும். அது ஒண்ணு மட்டும் தெரியாது. எட்டு வருஷமா மறைச்சு வச்சிருந்தேன். ரெண்டு லட்சம் பேர்கிட்ட சொல்லிருவேன்னான். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? உங்களுக்கு அவ்வளவு நல்ல மூக்கா?”

“எனக்கும் தெரியாதுய்யா.”

நிமிர்ந்து பார்த்தான்.

“எங்கப்பாவும் நிலக்கோட்டைதான். ஆறு ஏக்கர் மல்லித் தோட்டம். வயசு முப்பத்தெட்டாச்சு, மல்லி என்ன வாசம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதனாலதான் உன்னைப் புரிஞ்சுது. ஆனா தெரியலைன்னா நான் ஏட்டையாவக் கேட்டுக்குவேன். நீ ஆளைக் கொன்னுட்டு, பத்தாததுக்குப் பழியை அந்தப் பொண்ணு தலையில போட்டுட்டு, அதுக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்க. தூ.”

மணி இரண்டேகால். டி.எஸ்.பி.க்குத் தகவல் போயிற்று. பின்கட்டு அறையிலிருந்து டெய்சி வெளியே வந்தபோது வாசலில் ஆண்டனிராஜ் வாத்தியார் பைக்கை ஸ்டார்ட் பண்ணியே வைத்திருந்தார்.

“நாளைக்கு ஓலை வாசிக்கிறப்ப நானும் கோயிலுக்கு வாரேன்மா,” என்றாள் மரியசெல்வி. டெய்சி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஏட்டு நாச்சிமுத்து மட்டும் இன்னும் அறையிலேயே நின்றிருந்தார். துண்டை எடுத்து இரண்டு பக்கமும் மோந்து பார்த்தார். முகம் வாடியிருந்தது.

“என்ன ஏட்டையா?”

“கொலைக்கு செக்‌ஷன் போட்டாச்சுங்க, சரி. என்னைப் பயந்துபோன பொம்பளைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காருங்களே... அதுக்கு ஏதாச்சும் செக்‌ஷன் இருக்குதுங்களா மேடம்?”