கவிழ்ந்த படகின் அடியில்

பூசை முடிந்து வந்த கிறகோரி சேட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் பார்த்தார். கண்ணாடித் தொட்டிக்குள் படகு கவிழ்ந்து கிடந்தது.

காலையில் அது நிமிர்ந்துதான் இருந்தது. மணலில் ஒரு பக்கம் சரித்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே கிழிந்த வலைத்துண்டு ஒன்றையும் போட்டு, கடலடியில் களைத்துப் படுத்துவிட்டது போல அவர்தான் அதை வைத்திருந்தார். இப்போது அதன் வெள்ளை அடி மேலே தெரிந்தது. வீட்டில் வேறு ஆட்கள் இல்லை. மனைவி சுசிலா அவரோடுதான் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"தொட்டிக்குள்ள கை வைச்சனியோ?"

"நான் ஏன் வைக்கிறன்? அது உங்கட வேலை."

அவர் கையை விட்டு இரண்டு விரலால் படகை நிமிர்த்தினார். தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது.

பத்து நாளாகச் செய்த வேலை அது. போன மார்கழியில் அவர்களுடைய ஒரே மகன் அனிஸ்ரன் தனியாகக் கடல்தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் வரவில்லை, படகின் ஒரு துண்டும் கரை ஒதுங்கவில்லை. கார்த்திகை பிறந்ததும் முல்லைத்தீவுக் கரையெங்கும் சனம் கல்லறைகளுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கியபோது, சுசிலா ஒரு பெட்டி மெழுகுதிரியை மடியில் வைத்துக்கொண்டு, "நாங்கள் எங்க கொண்டுபோய்க் கொளுத்திறது?" என்று கேட்டாள். அவரிடம் கேட்டது போலவும் இல்லை, கேட்காதது போலவும் இல்லை.

அன்று பின்னேரமே, அனிஸ்ரன் சின்ன வயதில் மீன் வளர்த்த தொட்டியைக் கிறகோரி பரணிலிருந்து இறக்கினார். கடற்கரை மணலைக் கழுவிப் பரப்பினார். மகனின் படகுக்கு ஓட்டை அடைத்தபோது மிஞ்சிய பைபர் துணியில் ஒரு சாண் நீளத்துக்குப் படகு செய்து, பக்கவாட்டில் அவன் படகில் இருந்தது போலவே ஒரு நீலக் கோடு இழுத்தார். நந்திக்கடல் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றி, கண் சிறிய வலையால் அள்ளிய கூனி இறால்கள் நாற்பது ஐம்பதையும் விட்டார். பாசி பிடிக்காமல் அவை மேய்ந்துகொள்ளும். உயிருள்ளது ஏதாவது அவனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றும் ஒரு நினைப்பு. முடிந்ததும் சுசிலா வந்து கண்ணாடியில் கன்னத்தை வைத்துச் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரியைக் கொளுத்தினாள். பதினொரு மாதத்தில் அன்றுதான் அவள் விடியும்வரை நித்திரை கொண்டாள்.

படகை நிமிர்த்திய மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. வீட்டுக்குள் ஈர மணலும் அழுகிய வலையும் கலந்த வாடை. யன்னலைச் சாத்தியும் போகாமல், திரைச்சீலையில், தலையணையில், குசினியில் மூடி வைத்த சோற்றில்கூட ஏறிக்கொண்டது அந்த வாடை. கிறகோரி தேத்தண்ணிக் கோப்பையோடு தொட்டியடிக்கு வந்தார்.

படகு மறுபடியும் கவிழ்ந்திருந்தது.

இந்த முறை கூனிகள் மேயவில்லை. கண்ணாடியில் ஒன்றும் இல்லை, வலைத்துண்டில் ஒன்றும் இல்லை. எல்லாம் படகைச் சுற்றி மணலில் வட்டமாக இறங்கி, தலையை உள்ளே நீட்டி, மீசை மட்டும் அசைய, எதையோ காத்துக்கொண்டிருப்பவை போல நின்றன. அவர் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். கவிழ்ந்த படகின் அடியில் வெள்ளிபோல் ஒரு காற்றுக்குமிழ் அடைபட்டிருந்தது. தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டரில் இருந்து போயிருக்கும் என்று நினைத்து அதை நிறுத்தினார். படகை நிமிர்த்தவும் பார்த்தார். விரல் பட்டதும் கையை வெளியே எடுத்தார். அப்படியே விட்டுவிட்டார்.

கவிழ்ந்த பைபர் படகுக்கு அடியில் காற்று நிற்கும். அது அவருக்குத் தெரியும். கடலில் பிழைத்த எல்லாருக்கும் தெரியும். அதற்குள் தலையை வைத்துக்கொண்டு ஒருத்தன் இரண்டு நாள் இருக்கலாம். மூன்று நாளும் இருக்கலாம்.

மூன்று நாள்.

அடுத்த நாள் பின்னேரம் மின்சாரம் நின்றது. மழை விட்டு, கூரையில் இருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். சுசிலா குசினியில் இருந்து வந்து நடு அறையில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. ஆரோ தட்டுற சத்தம்."

"கூரைத் தண்ணி."

"இல்லை. கதவில இல்லை. உள்ளுக்க."

அவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மத்தியானத்தில் இருந்தே. நகத்தால் பைபரில் தட்டுவது போல. டக். டக். டக். பிறகு ஓய்வு. மறுபடி மூன்று.

சுசிலா தொட்டிக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தாள். காதைக் கண்ணாடியில் வைத்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியது.

"பிள்ளைதான் தட்டுறான்," என்றாள்.

கிறகோரி கதிரையில் இருந்துவிட்டார்.

"சுசிலா, நான் உனக்கு ஒண்டு சொல்லேல்லை."

அவள் திரும்பவில்லை.

"தேடப் போன மூண்டாம் நாள். பொழுது படுற நேரம். அனோஜன்தான் போட் ஓடினவன். தூரத்தில வெள்ளையா ஒண்டு தெரியுது ஐயா, போய்ப் பாப்பம் எண்டு கேட்டான். காத்து எழும்பிட்டுது. போட்டில ஆறு பெடியள். ஆறு பேரும் தாய்க்காரியளிட்டைச் சொல்லிப்போட்டு வந்தவங்கள். அது நுரையடா, திருப்பு எண்டனான். நான்தான் சொன்னனான்."

கூரை சொட்டியது. தொட்டிக்குள் தட்டியது.

"நுரையோ?" என்றாள் சுசிலா.

"எனக்குத் தெரியாது."

"தெரியாதோ?"

அவள் முதுகு ஒருமுறை குலுங்கி நின்றது. பிறகு அவள் மிக மெதுவாக, நித்திரைப் பிள்ளையை எழுப்பாமல் பேசுகிறவள் போல, "அப்ப இப்பவாவது தூக்குங்கோ," என்றாள்.

அவர் எழுந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார். குளிர் முழங்கை வரை கடித்தது. இரண்டு விரலால் பிடித்தார். அசையவில்லை. ஐந்து விரலாலும் பிடித்தார். மற்றக் கையையும் விட்டார். ஒரு சாண் படகு. பைபர் துணியும் பசையும். தோள் மூட்டு வலிக்க இழுத்தார். தொட்டி மேசையோடு சேர்ந்து நகர்ந்தது. படகு நகரவில்லை. அவருடைய கை பட்டதும் அடியில் தட்டுவது வேகமானது. மூன்று மூன்றாக இல்லை. நிறுத்தாமல். யாரோ வந்துவிட்டார்கள் என்று தெரிந்தவன் தட்டுவது போல.

"தூக்குங்கோ அப்பா," என்றாள் சுசிலா.

"வருகுதில்லை."

"தூக்குங்கோ."

"வருகுதில்லை, சுசிலா."

கண்ணாடியை உடைக்கக் குசினிக்கு ஓடி உலக்கையை எடுத்து வந்தார். ஓங்கினார். சுசிலா இரண்டு கையாலும் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். தலையையும் அதோடு அழுத்தியிருந்தாள். அடிக்க இடம் இல்லை.

"விடு."

அவள் விடவில்லை. ஒரு கையை மட்டும் எடுத்து, போனின் வெளிச்சத்தைப் படகின் அடிக்குப் பிடித்தாள். அவர் குனிந்தார்.

குமிழ் சின்னதாகியிருந்தது. நேற்று ஒரு நெல்லிக்காய் அளவு. இப்போது மிளகு அளவு. அதை ஒட்டி, படகின் உட்பக்கத்து இருளில், ஏதோ வெளிறியதாக ஒன்று மேல்நோக்கி முகம் வைத்திருந்தது.

கூனிகளின் வட்டம் அசைந்தது. முதலாவது ஒன்று படகின் விளிம்புக்குக் கீழே நுழைந்தது. பிறகு இன்னொன்று. நெருக்குப்படாமல், அவசரப்படாமல், ஒவ்வொன்றாக.

சுசிலா விரல் நகத்தால் கண்ணாடியில் தட்டினாள். டக். டக். டக்.

"நாங்கள் இஞ்சதான் நிக்கிறம் ராசா. அப்பாவும் நிக்கிறார்."

உள்ளே இருந்து பதில் வந்தது. மூன்று.

முதலில் போன கூனி வெளியே வந்தது. கண்ணாடி போன்ற உடம்பு அதற்கு. விழுங்கியது வெளியே தெரியும். வயிற்றுக்குள் நூல்போல் சிவப்பு ஓடியது. அடுத்ததும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததும்.

சுசிலா தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே இருந்தும் தட்டிக்கொண்டே இருந்தது.