குப்புறக் கிடந்த சிமெண்ட் நாற்காலி

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற சாலையில், கரிசல் காட்டைப் பார்த்தபடி ஒரு பழைய பங்களா. தீப்பெட்டி முதலாளி ஒருவர் அறுபதுகளில் கட்டியது. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிப் பூட்டிக் கிடந்ததை, பார்சல் ஆபீஸ் நடத்தும் செல்வக்குமார் வாடகைக்குப் பிடித்து, மனைவி மாரிசெல்வியோடு ஒரு சித்திரை மாதக் காலையில் வந்து இறங்கினான்.

அந்த வெயிலை என்னவென்று சொல்ல? தீப்பெட்டியை முற்றத்தில் மறந்து வைத்தால் குச்சிகள் தங்களுக்குள் உரசிக்கொண்டு பற்றிவிடும். காக்காய்கள் நடந்து போவதையே விட்டுவிட்டன, பாதம் வெந்துவிடுமாம்.

கொல்லையில் அந்த நாற்காலி குப்புறக் கிடந்தது.

அதற்குக் கால் கிடையாது, கை கிடையாது. நீளமான ஒரே சிமெண்ட் பட்டையை, ஈரம் காய்வதற்குள் யாரோ நாடா போல வளைத்துவிட்ட மாதிரி இருந்தது. முதலாளி வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, கொத்தனாரைக் கூடவே வைத்து வார்த்தாராம். செல்வக்குமார் படம் எடுத்துச் சென்னை நண்பனுக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது: ‘அபூர்வமான மாடர்ன் சேர்டா. உள்ளேயும் போடலாம், வெளியேயும் போடலாம்.’

சாமான் இறக்க வந்த லோடுமேன் முத்துசெல்வம் தலையைச் சொறிந்தான். “கவுந்து கெடக்குதத அப்படியே விட்ருங்களேன், அண்ணாச்சி.”

“ஏலே, கனம்னு சொல்லுதியா, பயம்னு சொல்லுதியா?”

“ரெண்டுந்தான்.”

நாலு பேர் தூக்கினார்கள். ஐந்து பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்று ‘மெதுவா, மெதுவா’ என்றவனுக்கும் சேர்த்துத்தான் கணக்கு. நாற்காலி நிமிர்ந்து கூடத்துக்கு வந்தது.

அன்று உச்சிப் பொழுதில் மாரிசெல்வி அதில் சாய்ந்தாள். “ஏங்க, ஐஸ் பெட்டி கணக்கா இருக்கு,” என்றாள் சந்தோஷமாக. அப்படியே கண்ணயர்ந்தாள். வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்தாள்.

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும்.

சமைத்தது அடுப்பிலேயே இருக்கும். உச்சி நெருங்கினால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரம் கூடத்தில் ஒரு வாசம் வரும். வாடின ரோஜா மாலையும் பன்னீரும் கலந்த வாசம். வீட்டில் பூவும் இல்லை, பன்னீரும் இல்லை.

ஒரு நாள் சாப்பிட வந்த செல்வக்குமார் அவள் கால்களைப் பார்த்தான்.

இரண்டு பெருவிரல்களும் ஒட்டியிருந்தன.

பிரித்துவிட்டான். மெல்ல, தானாகவே மறுபடி சேர்ந்தன.

தாடையிலிருந்து உச்சந்தலை வரை, துணி சுற்றி இறுக்கியது போல ஒரு வெளுத்த தடம்.

“ஏட்டி மாரி, எந்திரி.”

“இருக்கட்டும்,” என்றாள், உதட்டை அசைக்காமல்.

கையைப் பிடித்து இழுத்தான். பனைமரத்தைப் பிடுங்கப் பார்த்தது போலிருந்தது. டவுன் டாக்டர் வீட்டுக்கே வந்து எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, ரத்தம் நன்றாக இருக்கிறது என்றார். அது மட்டும்தான் நன்றாக இருந்தது. ஒரு சாயங்காலம் அவள் எழுந்ததும், கயத்தாற்றில் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்தான். ஆட்டோ சாலை திரும்புமுன்னே மூச்சு முட்டி நீலம் பாரித்தாள். திருப்பிக்கொண்டு வந்ததும் நடந்துபோய் உட்கார்ந்தாள். கடைசியில் ஆட்களை வைத்து நாற்காலியை வெட்டவெளியில் கொண்டுபோய்ப் போட்டான். தோசை ஊற்றினால் முறுகிவிடும் வெயில். அவள் அங்கேயும் போய் உட்கார்ந்தாள். அந்த வெயிலிலும் சிமெண்ட் சில்லென்று இருந்தது. அவளும்தான்.

உள்ளே போட்டாலும் வெளியே போட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

பின்பக்கம் ஆடு அடைத்திருக்கும் வள்ளிமயில் வேலியோரம் வந்து நின்றாள். முந்தானை வாயில் இருந்தது.

“இத யாரு நிமித்துனது?”

“நாந்தான்.”

“நல்லாப் பண்ணுனீக. இது துட்டி வீட்டு நாற்காலிய்யா. ஊர்ல யாரு செத்தாலும் இதுலதான் உக்கார வைப்பாக. மர நாற்காலின்னா பொணம் சரியும், இது அசையாதுல்லான்னு மொதலாளிட்ட கேட்டு வாங்கிட்டுப் போவாக. தூக்கிட்டுப் போனப்பெறவு கழுவிக் கவுத்திப் போடணும். அடுத்த ஆளு வாரமட்டும் நிமித்தப்படாது. மொதலாளிதான் கடைசி. பெறவு பொணம் வைக்கக் குளுருபெட்டி வந்துட்டு, இதுக்குச் சோலி இல்லாமப் போச்சு.”

“நிமித்திட்டா?”

“ஆளு கேக்கும்.”

“கவுத்திருதேன்.”

“அவ உக்காந்திருக்காளே, இனி தானா எந்திரிக்க மாட்டா.” வள்ளிமயில் குரலைத் தாழ்த்தினாள். “ஒருத்தர் எந்திரிக்கணும்னா இன்னொருத்தர் உக்காரணும்னு சொல்லுவாக. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

மாரிசெல்வியின் மார்பு ஏறி இறங்குவது மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் ஒரு ஆட்டு மந்தையே கடந்துபோகலாம் போலிருந்தது.

செல்வக்குமார் யோசிக்கவில்லை. அவளை ஒட்டி, அந்தப் பட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

குளிர் முதுகில் ஏறியது. யாரோ அவன் தோளை நிமிர்த்தி, சாயாமல் சரிபார்த்தார்கள்.

மாரிசெல்வி எழுந்தாள். “பசிக்கு,” என்றாள்.

அவனும் எழுந்தான். எழ முடிந்தது. கை ஆடியது, கால் ஆடியது, சிரிப்புக்கூட வந்தது. அவள் பானைச் சோற்றைப் பாதிக்கு மேல் காலி செய்ததைப் பார்த்து அழுகையும் வந்தது. முத்துசெல்வத்தின் ஆட்கள் வந்து நாற்காலியைக் கழுவிக் கவிழ்த்தார்கள்.

கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று மாரிசெல்விக்கு ஆட்டோ சொன்னான்.

முதலில் லோடுமேன்கள் கிளம்பினார்கள். எப்போதும் தெருமுனை வரைக்கும் ‘வாரேம் அண்ணாச்சி’ போடுகிற முத்துசெல்வம், அன்று ஒன்றும் சொல்லாமல் நடந்தான். பின்னாலேயே வள்ளிமயில், தலையில் முக்காடு இழுத்துக்கொண்டு, சத்தமில்லாமல்.

இந்தப் பக்கத்தில் எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் ‘வாரேன்’ சொல்லாமல் கிளம்ப மாட்டார்கள். துட்டி வீட்டில் மட்டும்தான் சொல்லக் கூடாது.

செல்வக்குமார் வாசலுக்கு ஓடினான். படியிறங்கியவளை மறித்தான்.

“ஏட்டி, வாரேன்னு சொல்லிட்டுப் போ.”

மாரிசெல்வி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

“சொல்ல வரமாட்டேங்குங்க.”

பிறகு குழாயடிக்குப் போய், இரண்டு பாதமும் நனையக் கழுவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள்.