பொலோனா வரையாத குறி

குறியின் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

பொலோனா விரலை எடுத்துப் பார்த்தாள். நுனியில் சிவப்பு. க்ரிவெட்ஸ் மலையின் மேல்தடத்தில், மலையேறிகள் தங்கும் குடிலிலிருந்து ஒரு மணி நேர ஏற்றத்தில், வழி இரண்டு பாறைகளுக்கு நடுவே இடப்பக்கம் திரும்புகிற இடம் அது. பதினோரு வருடங்களாக இந்த மலைக்குத் தடக்குறி வரைபவள் அவள்தான். சிவப்பு வளையம், நடுவே வெள்ளைப் பொட்டு. எந்தப் பாறையில் எது இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். இந்த வளையம் வலப்பக்கப் பாறையில் இருந்தது. வலப்பக்கம் வழியே கிடையாது.

இன்னொன்றும் உறுத்தியது. வளையத்தை முடிக்கும்போது தூரிகையைச் சற்று இழுத்து விடுவது அவள் பழக்கம். சின்ன வால் போல ஒரு கோடு நிற்கும். மலையேற்றச் சங்கத்தில் அதை வைத்தே அவளைக் கேலி செய்வார்கள். அந்த வால் இந்த வளையத்திலும் இருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

போன இலையுதிர் காலத்தில் இந்தத் தடத்தில்தான் இரண்டு பேர் காணாமல் போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. குறிகள் தப்பாக இருந்திருக்கும் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றார் தலைவர். பொலோனா எழுந்து நின்று, என் குறியில் ஒன்றே ஒன்று தப்பு என்று காட்டுங்கள், தூரிகையை இந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். அத்தனை பேரும் மலை ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். யாராலும் காட்ட முடியவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. அவள் வசந்தம் வந்ததும் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

இன்று காலையில்கூட அந்த வீம்பில்தான் ஒரு முடிவு சொல்லியிருந்தாள். குடிலில் களியும் புளித்த பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நகரத்திலிருந்து வந்த கணவன் மனைவி வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். அவர் போகோமிர், அவள் விதா, இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவாய்க்குப் போக இரண்டு வழிகள். மேல்தடம் மூன்று மணி நேரம், பாறை விளிம்புகளில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கீழ்த்தடம் சரளைச் சரிவைச் சுற்றிக்கொண்டு ஐந்தரை மணி நேரம். பிற்பகல் இரண்டுக்கு மேல் இடி மழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. விதா முட்டி வலிக்குப் பயந்து கீழ்த்தடம் போகலாம் என்றாள். பொலோனா அவர்களுடைய காலணியைத் திருப்பிப் பார்த்தாள், இதற்கு முன் எந்த மலை ஏறினார்கள் என்று விசாரித்தாள், பிறகு மேல்தடம்தான் என்றாள்.

"மழைக்கு முன்னாடி கணவாயைத் தாண்டிடலாம். என் குறியை மட்டும் பிடிச்சுக்கிட்டு வாங்க. வேற எதையும் யோசிக்க வேண்டாம்."

குடிலை நடத்தும் ஸ்டென்கா தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஆயிரம் மீட்டருக்கு மேல வந்துட்டு என்ன வாங்க போங்க? இங்க எல்லாரும் வா, போதான்."

தடத்தைச் சரிபார்க்க பொலோனா அரை மணி முன்னதாகக் கிளம்பினாள். அவர்கள் இப்போது பின்னால் வந்துகொண்டிருப்பார்கள். அவள் குறியை மட்டும் பிடித்துக்கொண்டு.

பையிலிருந்து கம்பித் தூரிகையை எடுத்து அந்த வளையத்தைத் தேய்த்தாள். இரும்பு சுண்ணாம்புப் பாறையில் உரசும் ஓசை பள்ளத்தாக்கில் எங்கோ மோதித் தாமதமாகத் திரும்பி வந்தது. பெயிண்ட் வாசனைக்கு அடியில், வெகுநாள் பூட்டியிருந்த நிலவறையைத் திறந்ததுபோல ஒரு ஈர மணம் இருந்தது. கீழேயிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. குள்ளப் பைன் புதர்களை ஒவ்வொன்றாக மூடி, அவள் முழங்காலைத் தொட்டு, கழுத்துக்குள் குளிராக நுழைந்து, பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை என்று ஆக்கியது. அந்தப் பத்தாவது அடியில் வலப்பக்கம் இன்னொரு வளையம் தெரிந்தது. அதையும் போய்த் தேய்த்தாள். அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது.

மூன்றாவதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஓர் ஓசை கேட்டது. ஈரத் தூரிகை பாறையில் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிற ஓசை. கடைசியில் ஒரு சின்ன இழுப்பு.

திரும்பி நடந்தாள். முதல் பாறையில் வளையம் மறுபடி இருந்தது. சிவப்பு ஒரு சொட்டு மெதுவாக வழிந்து இறங்கியது.

பக்கத்தில் யாரும் இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. தூரத்தில், கீழே, மேகத்துக்குள்.

"இப்படி வா போகோமிர். வழி இங்கதான்."

காலையிலிருந்து தொண்டையில் இருந்த கரகரப்பு உட்பட, அது அவளுடைய குரல். பொலோனா தன் வாயைக் கையால் பொத்திப் பார்த்தாள். உதடுகள் மூடித்தான் இருந்தன. குரல் மறுபடி கூப்பிட்டது, பொறுமையாக, அக்கறையாக.

ஓடிப் போய்விடு என்றது உடம்பு. கணவாய்ப் பக்கம் ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு. ஆனால் அந்தத் தம்பதிக்கு வழி தேர்ந்து கொடுத்தது அவள் வாய். பயத்துக்கு அடியிலிருந்து கோபம் மேலே வந்தது. என் குரலை எடுத்துக்கொள்ள நீ யார்? கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

விதா விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பொலோனாவைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது.

"நீ இப்பத்தானே அவரைக் கூட்டிக்கிட்டுப் போனே? எனக்கு முட்டி வலிக்கும், இங்கயே இருன்னு சொன்னியே."

"அது நான் இல்ல."

விதா உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள். பொலோனா அவள் மணிக்கட்டைப் பிடித்து, இடுப்பு வாரிலிருந்த கொக்கியைக் கம்பியில் மாட்டினாள்.

"இந்தக் கம்பியை விடாதே. நானே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே. என் குரல் கேட்டா, உனக்குத் தெரிஞ்ச அசிங்கமான வார்த்தையால திட்டு."

ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய விளிம்பு அது. போகோமிர் மேலே ஏறியிருந்தால் பொலோனாவைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை. விதாவுக்குப் பக்கத்துப் பாறையில் ஈரமாக ஒரு வளையம். அதற்கு அப்பால், பதினோரு வருடங்களில் அவள் பார்த்தே இராத ஒரு ஒடுங்கிய தளம், மலையின் முகத்தைச் சுற்றிக்கொண்டு வெண்மைக்குள் போனது.

போனாள்.

ஒரு வளையம். மூன்றடி. இன்னொரு வளையம். காலடியில் கல் உருண்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. நிலவறை மணம். மூச்சு. பிறகு ஒரு பச்சைப் பை, அதைச் சுமந்த முதுகு. போகோமிர். அவருக்கு முன்னால் சிவப்புச் சட்டை. பின்னல் போட்ட நரைத்த முடி. அவளுடைய சட்டை. அவளுடைய முடி.

பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பாறையில் மல்லாந்து விழுந்தார்கள். அவர் கால் வெறும் காற்றில் தொங்கியது.

"விடு, அவ காத்துக்கிட்டு இருக்கா," என்றார், தூக்கத்தில் பேசுபவரைப்போல.

பொலோனா அவரை ஓங்கி அறைந்தாள். "பொலோனா நான்தான். என்னைப் பாரு."

அவர் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. முன்னால் போன சிவப்புச் சட்டை நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. விளிம்பு முடிந்த இடத்தில் அடுத்த அடியை வைத்தது. விழவில்லை. ஆணி வளைவதுபோல அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்து, செங்குத்துப் பாறையில் இறங்கி நடந்தது. காலடிச் சத்தம் சீராகக் கேட்டது. டக். டக். டக்.

போகோமிரை விதாவிடம் கொண்டுவந்து சேர்த்து, இருவரையும் கயிற்றில் கட்டினாள். மேலே போக வேண்டாம், குடிலுக்கே திரும்புங்கள் என்றாள்.

"ஒவ்வொரு குறியிலும் விரல் வச்சுப் பாருங்க. காஞ்சிருந்தா நம்புங்க. ஈரமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க."

"நீ வரலையா?" என்று கேட்டாள் விதா.

அந்தத் தளத்தை இப்படியே விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு வேறு யாராவது வருவார்கள் என்று பொலோனா சொன்னாள். மழைக்கு முன் வந்துவிடுவதாகவும் சொன்னாள்.

அவர்கள் இறங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, விதா யாரையோ வாய்கூசாமல் திட்டுவது கேட்டது. திட்டு நிற்கவே இல்லை. இறங்கி இறங்கிச் சின்னதாகிக் கரைந்தது. பொலோனா திரும்பி, தளத்தின் தொடக்கத்திலிருந்து வளையங்களைத் தேய்த்துக்கொண்டே போனாள். அவள் தேய்க்கத் தேய்க்கப் பின்னால் ஈரத் தூரிகை சுற்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. விரல் முட்டிகள் பாறையில் பட்டுக் கிழிந்தன. ஒரு மணி நேரம் போயிருக்கும். கீழே குடிலின் மணி மூன்று முறை அடித்தது. மூடுபனியில் ஆட்கள் பத்திரமாக வந்து சேர்ந்தால் ஸ்டென்கா அப்படித்தான் அடிப்பாள்.

பொலோனாவின் தோள்கள் தளர்ந்தன. இரண்டு உயிர். இந்தத் தடவை உனக்குக் கிடையாது.

அப்போது அவள் விளிம்பின் கோடியில் கடைசி வளையத்தின் முன் முழங்காலிட்டிருந்தாள். காற்று அடித்தது. மேகம் நடுவே கிழிந்தது.

எண்ணூறு மீட்டர் பாறை முகம் அடிவரை தெரிந்தது. வளையங்கள் நேர்க்கோட்டில் இறங்கின. எல்லாமே பளபளப்பாக, ஈரமாக. ஒவ்வொரு வளையத்துக்கும் பக்கத்தில் ஓர் ஆள். தரையில் நிற்பதுபோல அந்தச் செங்குத்தில் குறுக்காக நின்றிருந்தார்கள், பையும் தொப்பியுமாக. போன வருடம் காணாமல் போன இருவர். அவர்களுக்குக் கீழே கம்பளிக் கால்சட்டைகள், ஆணியடித்த பழைய காலணிகள், அடிவாரத்து இருட்டுவரை. வரிசையின் தலையில் சிவப்புச் சட்டை. எல்லா முகங்களும் மேலே பார்த்தன.

பொலோனா எழுந்து ஓடவில்லை. கீழே பார்த்துச் சொன்னாள்.

"என் கையெழுத்தைப் போட்டு இனி ஒருத்தரையும் கூட்டிக்கிட்டுப் போக மாட்டே."

தூரிகையைக் கடைசி வளையத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். சிவப்பு உதிர்ந்தது. வெள்ளைப் பொட்டு உதிர்ந்தது. வெறும் பாறை.

கீழே, அத்தனை பேரும் ஒரே நேரத்தில், அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்கள்.