அடியில் தங்கிய வெள்ளை

குழாயின் அடியில் வெள்ளை சற்றுக் கூடுதலாக இருந்தது.

வேறு யார் பார்த்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அது அவளுடைய ரத்தம். நோயாளிகளின் ரத்தத்தைத் தொடும் முன், கரைசலும் இயந்திரமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க, தினமும் தன் ரத்தத்தைத்தான் முதலில் ஓட்டிச் சோதிப்பாள். கரைசலை ஊற்றியதும் சிவப்பணுக்கள் உடையும். சேறுபோல் கலங்கியிருந்த ரத்தம், குழாயின் பின்னால் விரல் வைத்தால் ரேகை தெரியுமளவுக்குத் தெளியும். இயந்திரத்தில் சுழற்றிச் சிவப்பு நீரைக் கொட்டிவிட்டால், வெள்ளையணுக்கள் மட்டும் அடியில் சுண்ணாம்புத் தீற்றலாக ஒட்டியிருக்கும்.

இன்று அது தீற்றல் இல்லை. ஒரு உருண்டை.

"என்னக்கா, குழாயை அப்படி முறைக்கிறீங்க? அது உங்க வீட்டுக்காரர் இல்ல," என்றான் பக்கத்து மேஜைக்காரன். ஓயாமல் பேசுவதால் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"வாயை மூடிட்டு உன் வேலையைப் பாரு."

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல், ஸ்பிரிட் வாசனை, அதற்கும் அடியில் கழுவுதொட்டியிலிருந்து எழும் துருப்பிடித்த இரும்பின் மணம். எல்லாம் வழக்கம்போலத்தான். அவளுக்குத்தான் போன வாரம் வந்த அந்தச் சிறுமியின் கை நினைவுக்கு வந்தது. முழங்கை மடிப்பெல்லாம் நீலம் பாய்ந்த கை.

அன்று கரைசலை ஊற்றிவிட்டு, மருமகளுடன் போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. சிவப்போடு சேர்ந்து வெள்ளையும் உடைந்துபோய், குழாயின் அடி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மறுபடி ரத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னொரு ஊசியா? வேணாம் மேடம். நரம்பே கிடைக்காம எத்தனை இடத்துல குத்திட்டாங்க, பாருங்க," என்று தாய் அழுதாள்.

குழாய்த் தாங்கியில், அன்று காலை எடுத்த தன் ரத்தம் பாதிக் குழாய் மீந்திருந்தது. அதையே சிறுமியின் பெயரில் ஓட்டினாள். எல்லாம் சரியாக இருப்பதாக முடிவு போனது. தாய் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து அதற்கு இரக்கம் என்று தனக்குத்தானே பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கும் பயம் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்பதுதான் தெரியாது.

இப்போது தன் மறு கையிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடி செய்தாள். சுழலும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் வேறொரு ஒலி கேட்டது, அழுது ஓய்ந்த பிள்ளை மூச்சை விட்டுவிட்டு இழுப்பதுபோல. மூடியைத் திறந்தாள். நின்றது.

வெள்ளை குழாயின் பாதிவரை ஏறியிருந்தது. ரத்தப் புற்றுநோயாளிகளின் குழாயில்கூட அவள் இவ்வளவு பார்த்ததில்லை.

சிறுமியின் தாயைப் போனில் அழைத்தாள்.

"மேடம், நீங்களா! உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். காய்ச்சல் போன இடம் தெரியல. கையில இருந்த நீலம்கூட மறைஞ்சிடுச்சு."

"சந்தோஷம்மா. ஆனா நாளைக்கு ஒரு தடவை கூட்டிட்டு வந்தீங்கன்னா..."

"எதுக்கு? எல்லாம் சரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருக்கலாம். அது உங்க பிள்ளை ரத்தம் இல்ல, என் ரத்தம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அழைப்பது பிள்ளையைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? அதுவும் இப்போது தெரியவில்லை.

"சும்மா ஒரு தடவை பாத்துடலாம்னுதான்," என்றாள்.

"இருங்க மேடம், போனைப் பிடுங்கறா. ஏய், விடுடி!"

கரகரப்பு. பிறகு சின்னக் குரல்.

"ஆன்ட்டி."

"சொல்லு கண்ணு."

"நான் வரமாட்டேன். எனக்கு அது வேணாம். நீங்களே வச்சுக்கோங்க."

இணைப்பு அறுந்தது.

"ரேடியோ." அவனிடம் கையை நீட்டினாள். "எனக்கு ரத்தம் எடு. நீயே எடு."

"காலையிலிருந்து ரெண்டு தடவை எடுத்தாச்சு. ரத்தம் என்ன குழாயடித் தண்ணியாக்கா?"

"எடுடா!"

முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினான். ஊசி இறங்கியது. வலிக்கவில்லை. அவன் அடுத்த வேடிக்கைக்கு வாயைத் திறந்தான்.

மூடவில்லை.

குழாய் நிறைந்துகொண்டிருந்தது. மெதுவாக. கெட்டியாக.

"அக்கா..."

பட்டையை அவிழ்த்தான். ஊசியை உருவினான். பஞ்சை வைத்து அழுத்தினான். பஞ்சு நனைந்தது. நிற்கவில்லை. வெதுவெதுப்பாக, மணிக்கட்டில் வழிந்து, விரல் நுனியில் திரண்டு, தரையில் சொட்டியது. இன்னொரு சொட்டு. இன்னொன்று.

வெள்ளை. நீக்குவதற்குத் துளிச் சிவப்பும் அதில் இல்லை.