சேற்றுக்குள் ஒரு கிள்ளு

ராஜாத்தி செத்த ஒன்பதாம் நாள் காலையில், அவளுடைய இறால் போடும் ஓலைப் பறியைத் தூக்கிக்கொண்டு கூட்டாளி பொன்னியம்மாள் உப்பு ஏரிக்கரைக்கு வந்தாள். பின்னாலேயே ராஜாத்தியின் மகள் ஷாலினி ஓடி வந்தாள்.

"வேணாம் பெரிம்மா. அம்மா மாரடைச்சு வுயுந்த எடம் அது. ஆவி கூட்டாளிய இட்டுக்கினு பூடும்னு ஊரே சொல்லுது. பறியத் தண்ணியில வுட்டுட்டு வந்துடு."

"ஊரு சொல்லும். நேத்து வரைக்கும் ராஜாத்தி, இன்னிக்குப் பேயா? அவ எடத்துக்கு நான் போவாம வேற யாரு போவா?"

பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் பிழைப்பு. வாயைத் திறக்க முடியாது. அதனால் நாற்பது வருஷமாக இருவரும் சேற்றுக்குள் கிள்ளித்தான் பேசிக்கொண்டார்கள். இரண்டு கிள்ளு என்றால் 'இங்கேதான் இருக்கிறேன்'. நீளமாக ஒரே கிள்ளு என்றால் 'போதும், கரையேறு'. நண்டு கடித்து ராஜாத்தியின் கட்டைவிரல் நகம் பிளந்துபோயிருந்தது. அவள் கிள்ளினால் தோலில் அந்த நகம் பட்ட பக்கம் மட்டும் இரட்டைக் கோடு விழும்.

அவள் செத்த அன்று பொன்னியம்மாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசி நேரத்தில் சேற்றுக்குள் அவள் யார் கையைத் தேடியிருப்பாள்? அந்த நினைப்பு ஒன்பது நாளாக இவளைத் தூங்கவிடவில்லை.

இறங்கினாள். பனி மூட்டத்தில் கரை மறைந்தது. சேற்று வாடை மூக்கில் ஏறியது. ஒரு கொக்குச் சத்தம்கூட இல்லை.

விரலில் ஏதோ பட்டது.

இறால் இல்லை. சில்லென்று இருந்தது.

ஒரு கிள்ளு. இன்னொரு கிள்ளு.

கையை உருவப் பார்ப்பதற்குள் ஐந்து விரல்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தன. தண்ணீர் மோவாயைத் தொட்டது. வாயில் உப்புக் கரித்தது. பறி நழுவி மிதந்தது.

"அடியே! இழுக்கறதுன்னா இழு!" பொன்னியம்மாள் கத்தினாள். "அன்னிக்கு வரல, தப்புதான். அதுக்காவ உன்னப் பாத்து ஓடிடுவேன்னு நெனச்சியா? நாளிக்கும் வருவேன், மறுநாளும் வருவேன்டி!"

பிடி தளர்ந்தது. பிறகு நீளமாக, வலிக்க வலிக்க, ஒரு கிள்ளு.

"மாட்டேன். பறி ரொம்பாம நாம என்னிக்குக் கரையேறனோம்?"

அழுதுகொண்டே பறியை மறுபடி கடித்தாள். அதற்குப் பிறகு கை வைத்த இடமெல்லாம் இறால்.

கரையில் அவள் மணிக்கட்டில் பதிந்திருந்த விரல் தடங்களை ஷாலினி தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில் தன் பறியோடு அவளும் இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று, வாயிலிருந்த பறியை எடுத்தாள்.

"இன்னா பெரிம்மா, இவ்ளோ நேரமா ஒரே கிள்ளா கிள்ளிக்கினே கீற? வலிக்குது."

பொன்னியம்மாள் இருபது அடி தள்ளி, கரையோரம் நின்று இறாலை அலசிக்கொண்டிருந்தாள். ஷாலினி கையைத் திருப்பிப் பார்த்தாள். இரட்டைக் கோடு.

"கரையேறச் சொல்றாம்மா, உங்கம்மா."

ஷாலினி அந்தக் கோட்டையே பார்த்தாள். பிறகு பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்து, சேற்றுக்குள் கையை விட்டு, இரண்டு தடவை கிள்ளினாள்.

உடனே பதில் வந்தது.